காலி வண்டி

"கழுத்தப் பிடிக்காதீங்கப்பா, தோளப் பிடிங்க" என்றாள் குருவி. கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றிருந்தாள். அப்பாவின் கைகள் இரண்டும் அவள் கழுத்தைச் சுற்றி வந்து, பிடி கிடைக்காமல் தடவி, ஒருவழியாகத் தோள்பட்டையில் நின்றன. அவருடைய தொடைகளுக்கு அடியில் கை கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலைகளிலேயே இதுதான் பெரிய வேலை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், அந்த அறையில் தரை சமமாக இருக்கும் ஒரே இடத்தில், எடை பார்க்கும் கருவி கிடந்தது. அப்பாவை உப்பு மூட்டையாகச் சுமந்தபடி அதில் ஏறி, முள் ஆடி ஓயும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எண்ணைப் பார்க்கத் தலையைக் குனிந்தால் முதுகில் இருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். அதனால் கண்ணை மட்டும் கீழே உருட்டிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

முள் நூற்று ஏழில் நின்றது.

"வண்டி என்ன எடை?" என்று அவள் காதுக்குள் கேட்டார் அப்பா.

"போன வாரம் என்னவோ அதேதான்."

"காலி வண்டி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கட்டிலில் இறக்கினாள். நூற்று ஏழில் அவளுடைய ஐம்பத்தெட்டைக் கழித்தால் நாற்பத்தொன்பது. இந்த வாரமும் அப்பா குறையவில்லை. ஒரு வாரத்துக்கு நிம்மதி.

காலி வண்டி என்பது அப்பாவின் தொழில் பேச்சு. சரக்குக் கிடங்கின் வாசலில் இருந்த எடை மேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுவதுதான் முப்பது வருடங்களுக்கு மேல் அவர் செய்த வேலை. சரக்கோடு உள்ளே வரும் லாரியை ஒருமுறை போடுவார். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி லாரியை மறுபடியும் போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. டிரைவர்களுக்கு இந்த இரண்டாவது எடை பிடிக்காது. காலி வண்டி எடைதான் கதவிலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கே, அதைப் பார்த்துக் கழிச்சுக்கக் கூடாதா என்று கெஞ்சுவார்கள், பிறகு கத்துவார்கள். அப்பா மசியமாட்டார். காலி வண்டி நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு இருக்காது, டீசல் ஏறும், சேறு ஒட்டும், கிளீனர் பையன் பின்னால் படுத்துத் தூங்குவான் என்பார். அவருடைய இந்தப் பிடிவாதத்தால் லாரிகள் தெருமுனை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவர் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அந்த வசவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அந்தக் கிடங்கும் நினைவில்லை, பெண்டாட்டி செத்துப்போனதும் சில நாள் நினைவில்லை. இந்த ஒரு கேள்வி மட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்டது. எடை பார்க்கும் போதெல்லாம் கேட்பார். அவளும் ஆமாம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

காய்ச்சல் ஒன்று வந்து போன கையோடு அப்பாவின் கால்கள் அவரைக் கைவிட்டபோது, மருத்துவமனையில்தான் இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நிற்க முடியாதவரை எடை போட வேறு வழி இல்லை, நீங்கள் தனியாக ஒருமுறை ஏறுங்கள், அவரைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை குருவி அப்படியே செய்தாள். தனியாக ஏறினாள், ஐம்பத்தெட்டு. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணத்தின்போதும் ஐம்பத்தெட்டு. அந்தக் கல்யாணம் சரிப்படாமல் இரண்டு பெட்டிகளோடு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோதும் அதே. எல்லாம் தலைகீழாகப் போன வாழ்க்கையில் அவள் உடம்பு ஒன்றுதான் சொன்ன சொல் மாறாமல் இருந்தது. மருந்துக் கடைக் கல்லாவில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவள், அடிக்கடி விற்கும் மாத்திரையின் விலையை அட்டையைத் திருப்பிப் பார்த்தா சொல்வாள்? இரண்டாவது வாரத்திலிருந்து தனியாக ஏறுவதை விட்டுவிட்டாள்.

ஞாயிறு சாயந்திரம் அண்ணன் வேறு ஊரிலிருந்து போன் செய்வான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கமாட்டான், எவ்வளவு இருக்கிறார் என்றுதான் கேட்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது. கால் விழுந்ததுமே அப்பாவைத் தன் ஊரில் ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்க்கவேண்டும் என்று நின்றான் அவன். டாக்டர் இருப்பார், ஆள் இருக்கும், சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்டுவார்கள். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் குருவியால் தாங்க முடியவில்லை. அம்மாவின் கடைசி மாதங்கள் அந்தக் குழாயோடுதான் போயின. பிடுங்கிவிடக் கூடாது என்று அம்மாவின் இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கட்டிய கையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு இது வேணாம். வாயால எறங்குறது எறங்கட்டும், போதும்" என்றார். குருவியிடம்தான் சொன்னார். அண்ணன் அப்போது அங்கே இல்லை.

அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அண்ணனிடம் குரலை உயர்த்தினாள். நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள். கடையை விட்டுவிட்டேன் என்றாள். அண்ணன், எடை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அப்போது நீ குறுக்கே நிற்கக் கூடாது என்றான். எந்தக் காரியத்தையும் முழுசாகச் செய்து முடிக்காதவள் என்று வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. படிப்பு, கல்யாணம், ஓட்டுநர் பயிற்சி எல்லாமே பாதியில் நின்றவை. ஞாயிறு தோறும் நாற்பத்தொன்பது என்று சொல்லும்போது அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுபோல அவளுக்கு இருந்தது. அண்ணன்கூட போன மாதம், பரவாயில்லையே, நல்லாத்தான் பார்த்துக்கிற என்றான். போனை வைத்த பிறகு அந்தச் சொல்லை நினைத்து நினைத்துப் பாத்திரம் தேய்த்தாள்.

சாப்பாட்டு விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். காயை மசித்து வெண்ணெய் சேர்ப்பாள், கஞ்சியில் பால்மாவைக் கலப்பாள், முட்டையை அடித்து எதிலாவது ஒளித்துவைப்பாள். தட்டு நிறைய வைத்து, மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கரண்டியை அப்பாவின் கையில் கொடுப்பாள். ஊட்டிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். நிதானமாகச் சாப்பிடுவார். பாதி வரும்போது தட்டைத் தள்ளி, "போதும், நீ சாப்பிடு" என்பார். இன்னும் ரெண்டு வாய் என்று கெஞ்சுவாள், வாயை இறுக்கி மூடிக்கொள்வார். வெண்ணெயும் முட்டையும் போட்டுச் செய்ததைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? சமையலறை வாசலில் நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவாள். அவளுக்கென்று தனியாகச் சமைத்துக்கொண்ட நாட்கள் குறைவு. கட்டிலிலிருந்து அப்பா அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். சாப்பிட்ட திருப்தி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் குருவி என்று பேர் வந்ததே சாப்பாட்டால்தான். சின்ன வயதில் எதை வைத்தாலும் கொத்திக் கொத்திவிட்டு ஓடிவிடுவாள். அப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள். அவர் தன் தட்டில் கடைசி சில வாய்களை ஓரமாக ஒதுக்கிவைப்பார். அதை அவள் சாப்பிடுவாள். அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். நான் ஆக்கிப் போட்டால் இறங்காத தொண்டை, அப்பன் தட்டில் மிச்சம் என்றால் மட்டும் இறங்குகிறது என்பாள்.

அப்பா மெலிகிறார் என்பது அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறிப்போனது. பல்செட் பேசும்போது கடகடவென்று ஆடி, பிறகு வாயிலேயே நிற்காமல் கிண்ணத்துக்குப் போய்விட்டது. நெற்றிப் பொட்டு இரண்டிலும் பள்ளம் விழுந்தது. பார்த்துவிட்டு, பயந்து அடுத்த வேளைக் கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி வெண்ணெய் போடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து முள் நூற்று ஏழில் நின்றதும் அந்தப் பயம் போய்விடும். வயதானால் சதை தளரும், எலும்பு துருத்தும், எடை அப்படியேதானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆரம்பத்தில் அவரைத் தூக்கும்போது முட்டி வெடவெடக்கும், எழுந்த பிறகு சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்போது சட்டென்று எழுந்துவிடுகிறாள். பழகிவிட்டது, உடம்பில் பலம் வந்துவிட்டது என்று அதிலும் ஒரு பெருமை. மாடி வீட்டு அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா உருகிட்டாரே, நீ பூசினாப்ல ஆயிட்ட என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாள். இரண்டாவது பாதிக்கு வந்த எரிச்சலில் குருவி முதல் பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரவிக்கைகள் இறுக்கிப் பிடிப்பது புது சோப்பில் துணி சுருங்கியதால் என்று முடிவு செய்திருந்தாள்.

அப்பாவின் இடுப்பு எலும்புக்கு மேல் தோல் சிவந்து, விரல் பட்டால் அவர் முகம் சுளிக்க ஆரம்பித்தபோது சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தியை அனுப்பினார்கள். உயரமான பெண், பேச்சுக் குறைவு, செருப்பை வாசலில் கழற்றும்போதே அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். ஐயா, கொஞ்சம் திரும்பிப் படுங்க என்று சொல்லிச் சிவந்த இடத்தைப் பார்த்தாள். அது புண்ணாகவில்லை, ஆகப் போகிறது என்றாள். பிறகு அப்பாவை நேராகப் படுக்க வைத்து அவரையே சிறிது நேரம் பார்த்தாள். எவ்வளவு சாப்பிடுகிறார், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்டாள். கடைசியாக எடை கேட்டாள்.

"நாப்பத்தொம்பது சிஸ்டர். மழைக்கு முன்னாடியிருந்து அதேதான். ஒரு கிலோகூடக் குறையல" என்றாள் குருவி. பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்வதுபோலச் சொன்னாள்.

நர்ஸ் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். அப்பாவின் முழங்காலை மடக்கி, குதிகாலிலிருந்து முட்டியின் மேல்பக்கம்வரை அளந்தாள். நிற்க முடியாதவர்களின் உயரத்தை இதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம், ஐயா நல்ல உயரமாக இருந்திருக்கிறார் என்றாள். பிறகு முழங்கையை மடக்கித் தோள் எலும்பிலிருந்து முழங்கை நுனிவரை அளந்து, சரிபாதியில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். கையைத் தளர விடச் சொல்லி, அந்தப் புள்ளியின் மேல் டேப்பைச் சுற்றினாள். அப்பா அதை அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தார். யார் எதை அளந்தாலும் அவருக்குப் பிடிக்கும். நர்ஸ் டேப்பை இறுக்கவில்லை, தோலைத் தொட்டும் தொடாமல்தான் பிடித்திருந்தாள். அப்படியும் அது சின்ன வட்டமாக இருந்தது. கெண்டைக்காலில் தடிமனான இடம் எது என்று மேலும் கீழுமாகத் தேடினாள், தேடுவதற்கு அங்கே அதிகம் இல்லை. கடைசியில் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தாள். நீர் கோத்திருந்தால் எடை ஏமாற்றும், இவருக்கு வீக்கமும் இல்லை என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்.

"எப்படி எடை பாக்குறீங்க? செஞ்சு காட்டுங்க" என்றாள்.

குருவி முதுகைக் காட்டிக் குனிந்தாள். நர்ஸ் அப்பாவைத் தூக்கி ஏற்றிவிட்டாள். முள் ஆடி நூற்று ஏழில் நின்றது. பார்த்துக்கங்க என்றாள் குருவி. அப்பா வழக்கம்போல வண்டி என்ன எடை என்று கேட்டார். காலி வண்டி போட்டாச்சா என்றும் கேட்டார். குருவிக்கு நர்ஸின் முன்னால் கூச்சமாக இருந்தது, அது அவர் பழைய வேலைப் பேச்சு என்று சிரித்து மழுப்பினாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அப்பாவை மெதுவாகக் கட்டிலில் இறக்கிப் படுக்க வைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப நீங்க மட்டும் ஏறுங்க."

"நான் அம்பத்தெட்டு சிஸ்டர்."

"ஏறுங்க."

ஏறினாள். இந்தத் தடவை தாராளமாகத் தலையைக் குனிந்து பார்க்கலாம், முதுகில் யாரும் இல்லை. முள் ஐம்பத்தெட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வரும் என்று காத்திருந்தாள். ஆடி, தயங்கி, அறுபத்தேழில் நின்றது. இறங்கி மறுபடியும் ஏறினாள், அதேதான். கல்லாவில் பழகிய புத்தி, வேண்டாம் என்றாலும் கழித்துவிட்டது. நாற்பது. அப்பாவிடமிருந்து போனது ஒன்பது கிலோ, தன் மேல் ஏறியது ஒன்பது கிலோ. வாராவாரம் அவர் இறங்க இறங்க அவள் ஏறியிருக்கிறாள். முள் மட்டும் பாவம், நின்ற இடத்திலேயே நின்று கணக்குச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நர்ஸ் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நிறையப் பேர் பண்றதுதான் என்று மட்டும் சொன்னாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு பிடிக்கலையா ஐயா, விழுங்க முடியலையா, பசிக்கலையா என்று ஒவ்வொன்றாக, உரக்க, பொறுமையாகக் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்று அப்பா தலையாட்டினார். பசிக்கிறதா என்று மாற்றிக் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்புறம் ஏன் பாதியிலயே வச்சிடுறீங்க?"

இதென்ன கேள்வி என்பதுபோல அப்பா அவளைப் பார்த்தார். பிறகு எடைக் கருவியின் மேலேயே நின்றுகொண்டிருந்த மகளைக் காட்டினார். "அவளுக்கு வேணாமா? மிச்சம் வச்சாத்தான் சாப்பிடுவா. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இப்பல்லாம் நல்லா சாப்பிடுறா" என்றார். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு தகப்பன் மெனக்கெட்டு ஒரு காரியத்தைச் சாதித்த சந்தோஷம்.

குருவி சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இந்த வாசலில் நின்று, அவர் பார்க்கப் பார்க்க, வெண்ணெயும் முட்டையும் கலந்ததை எத்தனை முறை வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். அவள் ருசித்துச் சாப்பிடச் சாப்பிட, அடுத்த வேளைக்கு அவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மிச்சம் வைத்திருக்கிறார். தட்டைக் காலியாகத்தான் கழுவினேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பாள். சத்தியம் பொய்யுமில்லை.

கிளம்பும்போது நர்ஸ் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். வேளைக்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு தடவை கொடுக்க வேண்டும். இனி நிறுத்துப் பார்க்க வேண்டாம், கையில் வைத்த புள்ளியை அழிக்காமல் விட்டால் அடுத்த வாரம் அதே இடத்தில் டேப்பைச் சுற்றிப் பார்ப்பேன். டாக்டரிடம் இன்றே சொல்லியாக வேண்டும். இந்த அளவுக்கு வந்தபின் உடம்பு திரும்பி வருவது எல்லோருக்கும் நடப்பதில்லை, பொய் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த வாரமும் இறங்கியிருந்தா, குழாய் பத்திப் பேசித்தான் ஆகணும்மா."

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அவளே போன் செய்தாள். மறைக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஐம்பத்தெட்டைச் சொன்னாள், அறுபத்தேழைச் சொன்னாள். அப்பா மிச்சம் வைத்த காரணத்தை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டாள். அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

"அப்போ இத்தன நாளா யாரோட எடைய எங்கிட்ட சொல்லிட்டிருந்த?" என்றான்.

சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், அவருடைய துணிமணிகளை எடுத்துவை என்றான். அப்பா குழாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றாள். பசியில் சாகிறேன் என்றும் சொன்னாரா என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அவனும் சின்ன வயதில் அந்தத் தட்டின் எதிரே உட்கார்ந்திருந்தவன்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்கு யாரும் எதையும் ஒதுக்கிவைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

சாயந்திரம் அறைக்குள் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை எடுத்துவந்தாள். இன்றைக்கு இரண்டு தட்டுகள். அப்பாவின் தட்டில் முட்டை சேர்த்த கஞ்சி கொஞ்சமாக, பார்த்தால் மலைக்காத அளவுக்கு. தன் தட்டில் அதைவிட அதிகமாக, அவர் கண்ணுக்குத் தெரியும்படி. மத்தியானம் முழுக்க யோசித்து அவள் கண்டுபிடித்த தந்திரம் இவ்வளவுதான். எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். இந்த வருடத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போதும் நின்றுகொண்டே, அவசரமாக, மிச்சத்தை.

"இது என்னோடது. இது உங்களோடது. உங்களோடதுல எனக்கு வேணாம்பா, எங்கிட்ட நெறைய இருக்கு" என்று தட்டைச் சாய்த்துக் காட்டினாள்.

"சாப்பிடு" என்றார் அப்பா.

ஒரு வாய் எடுத்தாள். கஞ்சி வாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினாள். அவர் முகம் மலர்ந்தது. இப்போது நீங்கள் என்றாள். அவர் கரண்டியை எடுத்தார், ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயும் சாப்பிட்டார். மூன்றாவதும் போனது. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அண்ணன் வருவதற்குள் இந்த முகத்தில் கொஞ்சமாவது சதை ஏறினால் போதும் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா நிறுத்தினார்.

"என்ன, கொத்திட்டு ஓடப் பாக்குறியா?"

"எனக்கு வயிறு ரொம்பிடுச்சுப்பா. நான் அறுபத்தேழு கிலோ இருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லில்லாத வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார், தோள் எலும்புகள் இரண்டும் குலுங்கின. குருவியாவது அறுபத்தேழு கிலோவாவது. எடை போடுகிறவனிடமே பொய்க் கணக்கா? தட்டின் ஓரத்தில் ஏற்கெனவே கொஞ்சம் ஒதுக்கியிருந்தார், அவள்தான் கவனிக்கவில்லை. அதைக் கரண்டியில் நிறைய அள்ளினார். சிந்தாமல் இருக்க இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டு, மேசையின் குறுக்கே, அவள் வாயை நோக்கி நீட்டினார். சட்டைக் கை முழங்கைக்குச் சரிந்து, பிறகு அதையும் தாண்டி மேலே போனது. தோலும் எலும்புமான அந்தக் கையில் நீலப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஆ என்று தானும் வாயைத் திறந்து காட்டினார். குருவி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இறக்குவதாக இல்லை. கரண்டி நடுவிலேயே நின்றது, கை நடுங்க நடுங்க அந்தப் புள்ளியும் நடுங்கிக்கொண்டிருந்தது.